கை தூக்கிக் காட்டிய வேட்பாளர்

நகராட்சித் தேர்தலில், அப்போதிருந்த கவுன்சிலரை எதிர்த்து நின்று, எங்கள் வீட்டு வாசலுக்கு ஓட்டுக் கேட்டு வந்தார் அவர். அரியலூரில் சிமென்ட் லாரிகள் ஓடும் தெரு எங்களுடையது. வீடு வீடாக நடந்து வந்தவரின் வெள்ளைச் சட்டையில் ஒரு தூசி இல்லை. அதுவே எனக்கு உறுத்தியது.

"வீட்டு வரிய ஏத்துற தீர்மானம் வந்தப்ப உங்க கவுன்சிலர் என்ன பண்ணாரு தெரியுமா சார்? இப்புடி கைய தூக்கிட்டாரு" என்று தன் வலது கையை உயர்த்திக் காட்டினார். தண்ணீர்க் கட்டணம், கடை வாடகை என்று ஒவ்வொன்றுக்கும் அந்தக் கை மேலே போய் வந்தது. நன்றாகப் பழகிய கை போலிருந்தது.

"சரிங்க, நீங்க ஜெயிச்சுப் போறீங்க. வரிய ஏத்தச் சொல்லி உங்க கட்சியே சொன்னா என்ன பண்ணுவீங்க?" என்றேன்.

கூட வந்த கட்சிக்காரர்களைத் திரும்பிப் பார்த்தார். "மக்கள் பக்கந்தான் சார் நிப்பேன்" என்று அந்தக் கையை மறுபடி உயர்த்தினார்.

"அப்ப கைய தூக்க மாட்டீங்க?"

உயர்ந்திருந்த கை மெல்ல இறங்கி, இன்னொரு கையோடு சேர்ந்து கும்பிட்டது.

"போயிட்டு வரேன் சார்."

அடுத்த வீட்டு வாசலில் அது மறுபடியும் உயர்ந்தது.

இப்போது அவர்தான் எங்கள் கவுன்சிலர். என் கேள்விக்குப் பதில் இன்னும் வரவில்லை.