அலுமாரிக் கண்ணாடியும் லேத் மெசினும்

போன மாதம் ஒரு நாள் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தேன். அறையில் அலுமாரி நிற்கிறது. அதன் கண்ணாடியைக் காணவில்லை!

ஆளுயரக் கண்ணாடி. என் மனைவி சீதனமாகக் கொண்டுவந்தது. நான் துடைக்கப் போனாலே, "கீறிப்போடுவியள், தள்ளுங்கோ" என்று துணியைப் பறிப்பவள் அவள். கள்ளன் புகுந்துவிட்டானோ என்று பதறிப்போய்க் குசினிக்கு ஓடினேன்.

"தம்பிக்குக் குடுத்தனான்," என்றாள், வெங்காயம் உரித்தபடியே. "லேத் மெசின் செய்யப் போறானாம்."

இரும்பு கடையும் லேத் மெசினைக் கண்ணாடியிலா செய்வது? எனக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை.

தம்பி என்பது என் மச்சான் பரமு. கொழும்பில் ஒரு வேர்க்ஷொப்பில் வேலை. ஒரு மாத லீவில் வேலணைக்கு வந்திருந்தான். எங்கள் தீவுப்பகுதி ஆண்பிள்ளைகளைப் பற்றி உங்களுக்குத் தெரியும்தானே? தெற்கே ஏதாவது கடையிலோ கம்பனியிலோ இருப்பார்கள். பொங்கலுக்கும் கோயில் திருவிழாவுக்கும் வந்து முகம் காட்டிவிட்டுப் போவார்கள். ஊருக்கே பழகிப்போன ஏற்பாடு இது. பரமுவின் மனைவி பூமணிக்கு மட்டும் பழகவில்லை.

"கலியாணம் முடிச்சு நாலு வருசம் அண்ணை. இவர் வந்தால் விருந்தாளி வந்த மாதிரித்தான். தேத்தண்ணிக்குச் சீனி எவ்வளவு எண்டு இப்பவும் கேக்கவேண்டிக் கிடக்கு," என்று என்னிடமே ஒருமுறை சொல்லிக் கண் கலங்கியவள்.

ஆகவே, இந்த முறை பரமு ஒரு திட்டத்தோடு வந்திருந்தான். ஊர்காவற்றுறையிலிருந்து ஓடும் லோஞ்சுப் படகுகளில் ஒரு சாஃப்ட், அதாவது சுழலும் இரும்புத் தண்டு, தேய்ந்தால், புதிதாகக் கடைந்தெடுக்க யாழ்ப்பாணப் பட்டணத்துக்குக் கொண்டுபோக வேண்டும். கிழமைக்கணக்கில் காத்துக் கிடக்க வேண்டும். இங்கேயே ஒரு லேத் இருந்தால்? புதிது வாங்கலாம் என்றால் இறக்குமதிக் கட்டுப்பாடு. சரி, நானே செய்கிறேன் என்று இறங்கிவிட்டான்.

"பெட் மட்டம் வந்தால் மிச்சமெல்லாம் வரும் அத்தான். வராட்டி... லீவு முடிய றெயில் ஏறுறதுதான்," என்றான்.

பெட் என்றால் லேத்தின் அடித்தளம். மற்றப் பாகங்கள் எல்லாம் அதன்மேல்தான் நகரும். அதற்கு மூன்றடி நீளத்தில் இரண்டு உருக்குச் சட்டங்கள். அரத்தால் ராவி முடித்துவிட்டான். இனி மயிரிழை மேடுகூட இல்லாமல் ஆக்க வேண்டும். மேடு எங்கே இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியுமா என்ன? அதற்குத்தான் என் வீட்டுக் கண்ணாடி!

உடுப்புக்குப் போடும் நீலத்தைத் தேங்காயெண்ணெயில் குழைத்துக் கண்ணாடியில் மெல்லிதாகப் பூசுவான். சட்டத்தை அதன்மேல் கவிழ்த்து ஒருதரம் தேய்ப்பான். தூக்கிப் பார்த்தால் மேடான இடங்களில் மட்டும் நீலப் பொட்டு இருக்கும். பழைய அரத்தின் நுனியைத் தீட்டிச் செய்த சுரண்டியால் அந்தப் பொட்டுகளைச் சுரண்டுவான். பிறகு மறுபடி நீலம், மறுபடி தேய்ப்பு...

"இப்பிடி எத்தினை தரம்?" என்று கேட்டேன்.

"எண்ணினால் விசர் பிடிக்கும் அத்தான்."

முதல் கிழமை முடிவதற்குள் அவன் மணிக்கட்டு வீங்கிவிட்டது. பூமணி வந்து சுரண்டியை வாங்கினாள். "மெல்லமாய்... மெல்லமாய்..." என்று பக்கத்தில் நின்று தவித்தான் பரமு. தவிப்பு வீண். அவள் கை அவன் கையை விடப் பதமானது. இரண்டாவது சட்டத்தில் முக்கால்வாசி அவள் வேலைதான். எப்போது போனாலும் மூக்கிலும் கன்னத்திலும் நீலத்தோடு இருவரும் ஒன்றாகக் குனிந்திருப்பார்கள். பார்க்கவே ஆசையாக இருக்கும்.

மூன்றாவது கிழமை இரண்டு சட்டங்களும் தயார். எங்கு பார்த்தாலும் நெருக்கமாக நீலப் பொட்டுகள்; முழுச் சட்டமும் கண்ணாடியைத் தொடுகிறது என்று அர்த்தம். பரமு பெருமையோடு சுரண்டிய பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்க, ஒன்றின்மேல் ஒன்றை வைத்தான். பூமணி ஒரு முனையை விரலால் தொட்டாள் – அவ்வளவுதான்! நடுவில் ஆணி அடித்ததுபோல மேல் சட்டம் சுற்றியது.

இரண்டுக்கும் நடுவில் புடைத்த வயிறு!

எப்படி வந்தது வயிறு? கண்ணாடியைக் கொடுக்கும்போது என் மனைவி ஒரு கட்டளை போட்டிருந்தாள் – வெறும் மேசையில் வைக்கக்கூடாது, மெத்தை போட்டுத்தான் வைக்க வேண்டும். சீதனக் கண்ணாடி அல்லவா? தமக்கை சொல்லைத் தட்டாத தம்பி பஞ்சு மெத்தையில் கிடத்தியிருக்கிறான். சட்டத்தின் பாரத்துக்குக் கண்ணாடி நடுவில் துளி பள்ளம் விழுந்திருக்கிறது. அந்தப் பள்ளத்துக்குத் தக்கபடி உருக்கும் வயிறு வைத்துவிட்டது.

"அக்காட்டைச் சொல்லிப்போடாதையுங்கோ அத்தான்," என்று கெஞ்சினான். நான் இன்றுவரை வாய் திறக்கவில்லை. பேப்பரில் எழுதத்தான் செய்கிறேன்.

இன்னும் ஒன்பது நாள்தான் லீவு. பரமு சுரண்டியைக் கீழே போட்டுவிட்டான்.

"சரிவராது பூமணி. பெட்டியைக் கட்டுவம்."

"கட்டுங்கோ," என்றாள் அவள், நீலம் குழைத்தபடி. "கட்டிப்போட்டு வந்து மற்றப் பக்கத்தைப் பிடியுங்கோ."

அவன் பெட்டி கட்டவில்லை. சுற்றிய சட்டத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு எழுந்துபோய் மிச்சம் கிடந்த மூன்றாவது உருக்குச் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு வந்தான். இனிக் கண்ணாடி வேண்டாமாம். மூன்று சட்டங்களையும் ஒன்றோடொன்று மாறி மாறித் தேய்த்துப் பார்த்துச் சுரண்ட வேண்டுமாம்.

"ஏன் மூன்று? இரண்டு காணாதோ?" என்று கேட்டேன்.

"ரெண்டெண்டால் ஒண்டிலை வயிறும் மற்றதிலை பள்ளமும் இருந்தாலும் பொருந்தும் அத்தான். மூண்டும் ஒண்டோடை ஒண்டு பொருந்தினால்தான் மட்டம்."

யோசித்துப் பார்த்தேன். நானும் என் மனைவியும் சில விஷயங்களில் மிக நன்றாக ஒத்துப்போகிறோம். அயலவர்கள் எல்லோரும் மோசம் என்பது அவற்றில் ஒன்று. இனி அதை மூன்றாவது ஆள் ஒருவரிடமும் கேட்டுப் பார்க்கத்தான் வேண்டும்!

அடுத்த எட்டு நாளும் அந்த வீட்டில் ஒழுங்காகச் சமையல் நடக்கவில்லை. பாணும் சம்பலும்தான். அவன் கை ஓய்ந்தால் அவள், அவள் கை ஓய்ந்தால் அவன். லீவு முடிய ஒரு நாள் இருக்கும்போது என்னைக் கூப்பிட்டார்கள். மூன்று சட்டங்களையும் மாறி மாறி வைத்தான் பரமு. பூமணி விரலால் தள்ளினாள். சுற்றவில்லை, ஆடவில்லை. முழு நீளமும் பற்றிக்கொண்டு மெதுவாக நகர்ந்தது. பரமு அப்படியே நிலத்தில் குந்திவிட்டான். பூமணி அழுதாள். நானும் ஒருதரம் விரலால் தள்ளிப் பார்த்தேன்.

"அத்தான், நீங்கள் பேப்பரிலை எழுதுறனீங்கள். வேலையை விடுறன் எண்டு முதலாளிக்கு ஒரு கடிதம் எழுதித் தாருங்கோ," என்றான் பரமு.

கதிரையை இழுத்துப் போட்டு எழுதினேன். குடும்ப நிலைமை, தீவுப்பகுதியின் கைத்தொழில் வளர்ச்சி, முதலாளியின் பெருந்தன்மை... இரண்டு பக்கம் வந்தது. பூமணி வாங்கி முழுவதையும் வாசித்தாள்.

"நல்ல வடிவாய் இருக்கு அண்ணை," என்றாள். பிறகு வேறொரு தாளை எடுத்துத் தானே எழுதிப் புருசனிடம் நீட்டினாள். அவன் உடனே கையெழுத்து வைத்தான். நான் எட்டிப் பார்த்தேன்.

'ஐயா, இனி வர ஏலாது. வீட்டில் வேலை இருக்கிறது.'

இரண்டே வரி! இந்த இலட்சணத்தில்தான் வாசகர்களே, நான் கிழமைக்கு ஒரு பத்தி எழுதிக்கொண்டிருக்கிறேன்!