ஆரோக்கியசாமி சாரின் பின்பாதி

போன மாதம் ஒரு திங்கட்கிழமை, வெள்ளிமலையில் எங்கள் பள்ளி ஆசிரியர் கூட்டம் வரலாற்றில் நிற்கக்கூடிய ஒரு முடிவை எட்டியது. ஆசிரியர் அறைக் கடிகாரம் மேற்குச் சுவரிலிருந்து கிழக்குச் சுவருக்கு மாற்றப்படும். நெடுநேர விவாதம், ஒருவர் நடுநிலை. தலைமையாசிரியர் தீர்மானத்தில் கையெழுத்திடும்போது கைபேசி ஒலித்தது. கேட்டுவிட்டுப் பேனாவை மூடினார்.

"நம்ம ஆரோக்கியசாமி சார் போய்ட்டாராம்ங்க."

அவரைக் கணக்கு ஆசிரியராக அறிந்த, பழைய மாணவர்களான உங்களுக்கு நான் சொல்லப் புதிதாக ஒன்றுமில்லை. கள்ளக்குறிச்சியிலிருந்து மலையேறும் காலைப் பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரராக அவரை அறிந்தவன் நான் ஒருவன்தான். பள்ளியில் கிறிஸ்தவர்கள் நாங்கள் இருவர் மட்டுமே. சண்டைக்கு வேறு ஆள் கிடையாது. அவர் கத்தோலிக்கர். நான், வேதத்தில் எழுதியிராத எதையும் ஏற்காத ஒரு சிறிய சபையைச் சேர்ந்தவன்.

"எங்கே எழுதியிருக்கிறது?" என்பது என் ஒரே ஆயுதம். ஒருநாள் அதைப் பிடுங்கி என் பக்கமே திருப்பினார்.

"பைபிள்ல எந்தெந்த புஸ்தகம் சேரணும்னு பைபிள்ல எங்க சார் எழுதியிருக்கு?"

"முன்னாடி பொருளடக்கம் இருக்கே."

"அது அச்சாபீஸ்காரன் போட்டதுங்க. அவன நம்புவீங்க, திருச்சபைய நம்ப மாட்டீங்க. இன்னா சார் நியாயம்?"

முன் இருக்கையிலிருந்த கீரைக்கார அம்மாள் அவர் பக்கம் தலையாட்டினார். எங்கள் இருவரின் வேதமும் அவருக்குத் தெரியாது. தோற்றவன் யார் என்று கண்டுபிடிக்க அது தேவைப்படவில்லை.

இன்னொரு நாள் பள்ளி வாசலில் இறங்கும்போது சொன்னார்: "பஸ் போர்டுல வெள்ளிமலைன்னு மட்டும்தான் போட்டிருக்கு. இங்க நிக்கும்னு எங்கயும் எழுதல. ஆனா தினம் நிக்குது, நீங்களும் எறங்குறீங்க. எழுதினதும், எழுதாம கைமாறி வந்ததும் ஒரே ஊருக்குத்தான் சார் போவுது."

"ஒருநாள் நிக்காம போனா?"

"கண்டக்டர் புதுசுன்னு அர்த்தம்."

மனைவி இறந்த பிறகு அவர் பேருந்தில் செபமாலை சொல்லத் தொடங்கினார். அருள் நிறைந்த மரியே செபத்தை இருவரும் பாதி பாதியாகச் சொல்வது அவர்கள் வீட்டு வழக்கம். இப்போது பதில் சொல்ல ஆளில்லை. ஒவ்வொரு செபத்தின் நடுவிலும் பழக்கத்தால் நிறுத்திவிட்டு, பிறகு தானே தொடர்வார். மலையேறும்வரை அந்த நிறுத்தங்களைக் கேட்டுக்கொண்டிருப்பது சுலபமல்ல.

அவர்தான் வழி கண்டுபிடித்தார். "முன்பாதி லூக்கா நற்செய்தியிலயே இருக்கு சார். வானதூதர் சொன்னது, எலிசபெத்து சொன்னது. அத நீங்க சொல்லுங்க. பின்பாதி எழுதாதது. அத நான் பாத்துக்கிறேன்."

இறைவனின் தாய் நமக்காக இப்போதும் நம் இறப்பின் வேளையிலும் வேண்டிக்கொள்ளக் கேட்பதுதான் அந்தப் பின்பாதி. அப்படியே பங்கிட்டுக்கொண்டோம். முன்பாதியிலும், அந்த வாழ்த்துகளில் லூக்கா எழுதாத தாய், மகன் பெயர்களை நான் விழுங்கிவிடுவேன், அவர் நிரப்பிக்கொள்வார்.

ஒரு காலை, செபமாலையைச் சட்டைப்பையில் போட்டபடி கேட்டார்: "என்னால முடியாத நாள்ல என் பாதியயும் நீங்களே சொல்லிடுவீங்களா சார்?"

"எங்கயாவது எழுதியிருந்தா சொல்றேன்."

சிரித்தார். நானும் சிரித்தேன்.

பக்கவாதம் அவருடைய பேச்சை எடுத்துக்கொண்டது. அவர் இறப்பதற்கு முந்தைய சனிக்கிழமை, கள்ளக்குறிச்சி மருத்துவமனையில் கட்டிலருகே உட்கார்ந்திருந்தேன். அவர் மகள் தேநீர் வாங்கப் போயிருந்தார். முன்பாதியைச் சொல்லி நிறுத்தினேன். அவருடைய உதடுகள் அசைந்தன, குரல் வரவில்லை. அசையக்கூடிய கையால் என் மணிக்கட்டை இருமுறை தட்டினார்.

பின்பாதி எனக்கு மனப்பாடம்.

"தேறி வந்து நீங்களே சொல்லுங்க சார்" என்றேன். கொள்கை வழுவாமலும் மனம் நோகாமலும் பேசிவிட்டதாக நினைத்துக்கொண்டேன். அவர் கண்களை மூடிக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை கல்லறைத் தோட்டத்தில், செபம் நடத்திய கோயில் உபதேசியார் முன்பாதியைத் தொடங்கினார். கூடியிருந்தவர்களுக்கு உரியது பின்பாதி மட்டுமே. சொன்னேன். சற்று உரக்கவே சொன்னேன். அவருடைய இறப்பின் வேளை முந்தின நாளே முடிந்துவிட்டிருந்தது.

மரியாதைக்காக வந்திருந்த எங்கள் சபை மூப்பர் வாசலில் என்னை நிறுத்தினார். "இன்னா பிரதர், இதெல்லாம் எங்க எழுதியிருக்கு?"

"எங்கயும் எழுதலங்க. ஆரோக்கியசாமி சார் சொல்லிக்கினு வந்தது."

சாருடைய பொருள் எதுவும் என்னிடம் இல்லை. ஒரு செபத்தின் பின்பாதி இருக்கிறது. காலைப் பேருந்தில் இரண்டு பாதியையும் இப்போது நானே சொல்கிறேன், பெயர்களை விழுங்காமல்.

எங்கள் சபையில் ஞாயிறுதோறும் வசனம் வாசித்துவந்தேன். போன வாரத்திலிருந்து வேறொருவர் வாசிக்கிறார்.