ரத்தம் வந்தால் நல்லது என்று எழுதியவன்

பதினைந்து நாளைக்கு முன், ஒரு புதன்கிழமை காலை, மதுரையில் ஒரு பல் டாக்டர் வீட்டு வாசல் பெஞ்சில் நானும் என் மனைவி காமாட்சியும் உட்கார்ந்திருந்தோம். அவளுடைய கீழ்வரிசை முன்பற்கள் நான்கும் ஆடிக்கொண்டிருந்தன. எத்தனை தங்கும், எத்தனை போகும் என்று அன்றைக்குத் தெரிந்துவிடும்.

அவளுக்கு வயது முப்பத்தாறு. பல் போகிற வயதா இது?

பழனிசெட்டிபட்டியிலிருந்து மதுரை வந்து சேர்வதற்குள்ளேயே எனக்குப் பாதி உயிர் போயிருந்தது. ரயில் தண்டவாளத்தை யுத்தத்துக்கென்று பெயர்த்துக்கொண்டு போனதிலிருந்து எங்கள் பக்கத்துக்கு, பெட்ரோலுக்குப் பதில் கரிப்புகையில் ஓடுகிற கரி பஸ்தான் கதி. ஆண்டிபட்டிக் கணவாய் மேட்டில் அது இரைத்துக்கொண்டு நின்றுவிடும். எல்லோரும் இறங்கி நடக்க வேண்டும். மூன்று மாதத்தில் இது நான்காவது தடவை... சலித்துவிட்டது. ஆனால் சலிப்பை வெளியே சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. அவள் பல் இந்தக் கதிக்கு வந்ததற்குக் காரணம் நான்தான். இன்னும் சரியாகச் சொன்னால் — வாரா வாரம் பத்திரிகையில் நீங்கள் படிக்கிற இந்தப் பத்தி.

வாரா வாரம் எழுதுகிறவன் பிழைப்பு எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியுமோ என்னவோ. விஷயம் இருக்கிறதோ இல்லையோ, தபாலில் சேர்க்க வேண்டிய நாள் மட்டும் தவறாமல் வந்துவிடும். போன வருஷம் அப்படி ஒரு வறண்ட வாரத்தில் தேனிச் சந்தைக்குப் போனேன். பல்பொடி விற்கிற ஒருவர் பெட்டி மேல் ஏறி நின்று முழங்கிக்கொண்டிருந்தார். ஈறில் ரத்தம் வருகிறதா? பயப்படாதீர்கள். அது கெட்ட ரத்தம். இந்தச் செங்கல் பொடியில் உப்பைக் கலந்து அழுத்தித் தேயுங்கள். கெட்டதெல்லாம் வடிந்துவிட்டால் ஈறு தானாக இறுகும்...

கேட்க நன்றாக இருந்தது. வீட்டுக்கு வந்தேன். ஏதோ பரம்பரை வைத்தியன் மாதிரி நாலு பக்கம் எழுதி அனுப்பிவிட்டேன். நான் தேய்த்துப் பார்த்தேனா? கிடையாது. எனக்கு வேப்பங்குச்சிதான்.

நீங்களாவது சும்மா இருந்தீர்களா? வேறு எதற்கும் வராத அளவுக்குக் கடிதங்கள் வந்தன. மார்க்கையன்கோட்டை வாசகர் ஒருவர், 'தங்கள் யோசனைப்படி தேய்க்கிறேன், தினமும் ரத்தம் திருப்திகரமாக வருகிறது' என்று எழுதியிருந்தார். நான் அதைச் சந்தோஷமாக இரண்டு தடவை படித்தேன்.

கடிதம் எழுதாத வாசகி ஒருத்தி என் வீட்டுக்குள்ளேயே இருந்தாள். பத்திரிகை வந்ததும் முதலில் பிரிப்பது காமாட்சிதான். படித்துவிட்டு நல்லது, கெட்டது எதுவும் சொல்ல மாட்டாள்.

இந்தத் தைப்பொங்கலன்றுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. கரும்பைப் பல்லால் உரிப்பதில் அவளை மிஞ்ச எங்கள் தெருவில் ஆள் கிடையாது. அன்றைக்கு அரிவாளால் சீவி, சின்னச் சின்னத் துண்டாக நறுக்கி, ஒரு ஓரமாக உட்கார்ந்து சப்பிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நாளாகவே குடிக்கிற தண்ணீரைக்கூட வெதுவெதுப்பாக்கித்தான் குடித்தாள். ஜலதோஷம் போலிருக்கிறது என்று நினைத்திருந்தேன். வெளிச்சத்துக்குக் கூட்டி வந்து வாயைத் திறக்கச் சொன்னேன்.

பல் ஒவ்வொன்றும் நீள நீளமாக நின்றது. பல் எங்கே வளரப் போகிறது — ஈறுதான் கீழே இறங்கிவிட்டிருந்தது. வேர்ப்பக்கம் மஞ்சளாகத் தெரிந்தது. இதில் கொடுமை என்னவென்றால், தீபாவளியன்று நானே அவளிடம் சொல்லியிருக்கிறேன்: 'பல்லு இப்பத்தான் எடுப்பா இருக்கு.'

"எப்பருந்து இப்படி?" என்று கேட்டேன்.

"அப்பப்ப ரத்தம் வந்துச்சு. நீங்க எழுதுனது போலத்தான் தேச்சேன். நிக்கல. அழுத்தம் பத்தலையோன்னு இன்னும் அழுத்தித் தேச்சேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?"

"ஒங்ககிட்ட என்னத்தக் கேக்க? நீங்கதான் எழுதிட்டீகளே."

எனக்கு வெட்கமாக இருந்தது. இத்தனை வருஷம் எழுதியதில், ஒரு வரி விடாமல் அப்படியே நம்பியவள் இவள் ஒருத்திதான். அவளுக்குப் போய் இதைச் செய்துவிட்டேன்.

அடுத்த வாரமே மதுரைக்குக் கூட்டிப் போனேன். டாக்டர் வயதானவர், அதிகம் பேசாதவர். கண்ணாடியை வாய்க்குள் விட்டு வெகுநேரம் பார்த்தார்.

"யாரும்மா உன்னை இப்படித் தேய்க்கச் சொன்னது?"

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காமாட்சி என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"ஒரு பத்திரிகையில போட்டிருந்தாக, டாக்டர்."

"எழுதினவன் பல்லை நான் பாக்கணும்" என்றார் டாக்டர். நான் வாயை இறுக மூடிக்கொண்டேன்.

அவர் சொன்னதை அப்படியே தருகிறேன். இறங்கிய ஈறு திரும்ப ஏறாது. இருப்பதை இறங்காமல் பிடித்து வைக்கலாம், அவ்வளவுதான். ரத்தத்தில் கெட்ட ரத்தம், நல்ல ரத்தம் என்று ஈறு பிரித்து அனுப்புவதில்லை. ரத்தம் வந்தால் ஈறு புண்ணாகியிருக்கிறது என்று அர்த்தம். புண்ணைச் செங்கல்லால் தேய்ப்பார்களா? பல்லடியில் கல் மாதிரி காரை கட்டியிருக்கும். அதை டாக்டர்தான் சுரண்டி எடுக்க வேண்டும். வீட்டில் சாப்பிட்ட பிறகெல்லாம் வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கொப்பளிக்க வேண்டும். நைஸான பொடியை விரலில் தொட்டு, நோகாமல் தேய்க்க வேண்டும். வெற்றிலையோடு போயிலை கூடாது. நெல்லிக்காய், கீரை, எலுமிச்சை நல்லது.

"ஆடுற நாலையும் இப்பவே எடுத்துடலாம். பொறுமை இருந்தா மூணு மாசம் பாக்கலாம்" என்றார்.

"பாக்கலாம்" என்றாள் காமாட்சி. இரண்டு நடையாக வந்து காரையை எடுத்துக்கொண்டோம்.

வீட்டில் தண்ணீர் காய்ச்சுவது என் வேலை ஆயிற்று. காலை, மதியம், ராத்திரி. 'கொப்பளிச்சியா? மெள்ளத்தான தேச்ச? நெல்லிக்காய் தின்னியா?' என்று பின்னாலேயே போவேன். ஒருநாள் செம்பை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, அலுப்பாகச் சொன்னாள்.

"மூணு மாசமா என் வாயவே பாத்துக்கிட்டுத் திரியிறீக. அதுக்கு முன்னால பதினெட்டு வருசம் பாக்கல."

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை.

ரத்தம் ஒரு மாதத்தில் நின்றது. ஈறு சிவப்புத் தணிந்து, இறுகியது. ஆனால் பல் ஆடுவது?

அதற்குத்தான் அந்தப் புதன்கிழமை. டாக்டர் ஒவ்வொரு பல்லையும் விரலால் அசைத்துப் பார்த்தார். காமாட்சி கண்ணை மூடிக்கொண்டாள். நான் அவர் விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ரெண்டு நிக்கும். ரெண்டு நிக்காது" என்றார்.

எடுத்துவிட்டார். வருகிற வழியெல்லாம் காமாட்சி வாயில் பஞ்சோடு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தாள். கணவாய் மேட்டில் பஸ் வழக்கம்போல நின்றது. வெயிலில் இறங்கி நடந்தோம். இரண்டு பல்லாவது நின்றதே என்று சந்தோஷப்படவும் தோன்றவில்லை.

ஆகவே, மார்க்கையன்கோட்டை நண்பரே — தயவுசெய்து இன்றே நிறுத்துங்கள். அந்தச் செங்கல் பொடியைத் தூரக் கொட்டிவிட்டு டாக்டரைப் பாருங்கள். என்னை மன்னிப்பது உங்கள் இஷ்டம். உங்களுக்குத் திருப்தியாக வந்தது நல்ல ரத்தம்தான்.

மறுநாள் காலை காமாட்சி கொப்பளித்து முடித்து, முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"இதயும் எழுதப் போறீகளா?"

"வேண்டாம்னா எழுதல."

"எழுதுங்க. தேய்க்கிறவுக நிறுத்துவாகள்ல. ஆனா மொதல்ல டாக்டருக்கு அனுப்பிக் காட்டிட்டு, பெறகு அச்சுக்கு அனுப்புங்க."

தபாலில் அனுப்பிக் காட்டிவிட்டேன். சில இடங்களில் அவர் பேனாவால் அடித்திருக்கிறார். எல்லாம் நான் ரசித்து எழுதிய வரிகள்.