வெளிர் மஞ்சள் வட்டில் ஏறிய செங்கல் நிறம்

ஆறாம் வகுப்போடு நின்றவன் நான். சிங்கப்பூருக்குப் பக்கத்தில், தம்போயில் இருக்கிற எங்கள் பட்டறையின் இரண்டு ஃபர்னஸையும் கட்டியவன் நான். பழைய லாரி கியரை வைத்து, பவுடர் அரைக்கும் மில்லைச் செய்தவன் நான். வட்டு அழுத்தும் பிரஸ், யாரோ தூக்கிப் போட்ட ஜாக்கியில் உருவானது. அதுவும் என் கைதான். எஞ்சினியர்கள் வந்தார்கள், சிங்கப்பூருக்குப் போனார்கள். நான் இங்கேயே இருக்கிறேன்.

நாங்கள் செய்வது எரிபொருள் செல்லுக்கான சீரியா வட்டு. சீரியம் ஆக்சைடில் கடோலினியம் கலந்து சுட்டால் உள்ளே காலி இடங்கள் உண்டாகும். சூட்டில் ஆக்சிஜன் அயனி அவற்றின் வழியே நகரும். எலக்ட்ரான் நகரக் கூடாது. நகர்ந்தால் செல்லின் வோல்டேஜ் இறங்கிவிடும். பிரசியோடிமியம் கலந்தால் எலக்ட்ரானும் ஓடும், கார் லேனில் மோட்டார் சைக்கிள் நுழைகிற மாதிரி. அப்படி வேண்டுமென்று கேட்கிற வாடிக்கையாளரும் உண்டு. அவருக்குத் தனி ஜாடியில்தான் அரைக்க வேண்டும்.

ஃபர்னஸ் ஏறி இறங்க இரண்டு நாள் ஆகும். மேலே மாடியில், ஏர்கான் அறையில் எல்லோரும் சேர்ந்து சாப்பிடுவார்கள். நான் ஃபர்னஸ் பக்கத்தில் நாசி லெமாக் தேங்காய்ச் சோற்றுப் பொட்டலத்தைப் பிரிப்பேன். மனைவி போன பிறகு வீட்டிலும் தனிச் சாப்பாடுதான். ஒவ்வொரு முறை சுட்ட பிறகும் ஒரு வட்டை எடுத்து, பென்சிலால் எண் போட்டு, பிஸ்கட் டின்னில் வைப்பேன். அது யாரும் சொல்லாத வேலை.

ஒரு நாள் எஞ்சினியர் பிரேமா இறங்கி வந்தது.

"அங்கிள், புது வட்டுல வோல்டேஜ் ரொம்ப இறங்கிடுச்சு லா. உங்க ஃபர்னஸ்ல சூடு பத்தல. வட்டுல ஓட்டை, கேஸ் லீக் ஆகுது."

"என் ஃபர்னஸா? நீ பொறக்கறதுக்கு முன்னாடி இருந்து எரியுதும்மா அது!"

"அதான் அங்கிள் பிரச்சினையே. பாஸ் புதுசு ஆர்டர் பண்ணச் சொல்லிட்டாரு."

பிரேமா போனதும் டின்னைத் திறந்து ஜன்னல் வெளிச்சத்தில் வட்டுகளை வரிசையாக வைத்தேன். பழையவை வெளிர் மஞ்சள். கடைசி வட்டில் லேசான செங்கல் நிறம். சூடு குறைந்தால் இப்படிச் சிவக்காது. இது பிரசியோடிமியம்.

அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கடோலினிய ஜாடி விரிசல் விட்டிருந்தது. பிரசியோடிமியம் அரைக்கிற மற்ற ஜாடியைத் தண்ணீரில் கழுவி, அதில் அரைத்தவன் நானேதான். யாரும் பார்க்கவில்லை. வாயை மூடிக்கொண்டால் பழி ஃபர்னஸோடு போய்விடும்.

டின்னோடு மாடிக்கு ஏறினேன். எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ஃபர்னஸ் மேல குத்தம் இல்லம்மா. ஜாடி மாறிப் போச்சு. மாத்துனது நான்தான்."

பிரேமா வட்டுகளைப் பார்த்தது. "அலமாக்! இவ்வளவு நாளா எடுத்து வச்சிருக்கீங்களா அங்கிள்? யாருக்கு?"

"யாரும் கேக்கலியே. எனக்குத்தான்."

எல்லோரும் டின்னைத் தூக்கிக்கொண்டு டெஸ்ட் ரூமுக்கு ஓடினார்கள். பாதி தின்ற தட்டுகளுக்கு நடுவே நான் மட்டும் நின்றேன்.

புது ஜாடியில் அரைத்துச் சுட்டதும் வோல்டேஜ் ஏறியது. ஃபர்னஸ் பிழைத்தது. ரிப்போர்ட்டில் தவறு 'ஆபரேட்டர்' செய்தது, கண்டுபிடித்தது 'குழு' என்று எழுதியிருந்தார்கள்.

பட்டறைக்குப் புதிதாக வரும் தம்பிகளே, தங்கச்சிகளே, ஒரு பவுடருக்கு ஒரு ஜாடி. சுட்டதில் ஒன்றை எடுத்து வையுங்கள். பாஸுக்கும் ஒன்று சொல்கிறேன்: அந்த ரிப்போர்ட்டைத் திருத்துங்கள். தவறு செய்தவன் முனியாண்டி என்று என் பெயரைப் போடுங்கள், வெட்கமில்லை. கண்டுபிடித்த இடத்திலும் அதே பெயரைப் போடுங்கள்.