தஞ்சாவூரிலிருந்து வந்த என் நைனா

என் நைனா தஞ்சாவூரைக் கண்ணால் பார்த்ததில்லை. மயிலாப்பூரில் பிறந்தவர். சாவு வீடுகளில் பறை அடிப்பார். எங்கள் பள்ளிக்கூடத்துச் சுவருக்குப் பின்னால்தான் குடிசை.

எழுபதுகளின் நடுவில் நான் ஐந்தாவது படித்தேன். ஆண்டு விழாவில் நாட்டுப்புற ஆட்டம் வைக்க வேண்டும் என்று டான்ஸ் டீச்சருக்கு ஆசை வந்தது. யார் வீட்டிலாவது மேளம் அடிப்பார்களா என்று கேட்டார். நான் கை தூக்கினேன். மறுநாளே நைனாவைக் கூட்டிக்கொண்டு போனேன்.

இரண்டு வாரம் வேப்பமரத்தடியில் சொல்லிக்கொடுத்தார். பழைய பரீட்சைத் தாள்களைக் கொளுத்திப் பறையைக் காய்ச்சுவார். தோல் விறைத்ததும் ஆரம்பிப்பார். ஒவ்வோர் அடிக்கும் ஒரு கதை வைத்திருந்தார். இது மாடு மிரண்டு ஓடுவது, இது மாமியார் துரத்துவது. வக்கீல் வீட்டுப் பெண் ஒருத்தி காலைத் தூக்க மறந்து நின்றால், "இன்னா கண்ணு, மாமியா தொரத்திக்கினு வருது, நீ கம்பம் மாதிரி நின்னுக்கினு கீறியே!" என்பார். பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். அதுவரை என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடாதவர்கள், "உங்க நைனா இன்னிக்கு வருவாரா?" என்று என்னிடம் கேட்டார்கள்.

விழா அன்று டீச்சர் என்னை ஓரமாக அழைத்தார்.

"இன்னிக்கு மட்டும் அவரை நைனான்னு கூப்பிடாதேடி. தஞ்சாவூர் பக்கத்துலேர்ந்து வந்திருக்கார்னு சொல்லப்போறோம். பெரியவாள்லாம் வரா. சாவுக்கு அடிக்கிறவர்னு தெரிஞ்சா எழுந்து போயிடுவா."

மற்றப் பிள்ளைகளுக்கும் அதே உத்தரவு. நைனா வாயே திறக்கக் கூடாது. அவர் பேச்சே காட்டிக்கொடுத்துவிடுமாம். ஆட்டத்தில் மூன்றாவது வரிசையில் இருந்த என்னை டீச்சர் முன்வரிசைக்கு மாற்றினார். நான் சந்தோஷமாகத் தலையாட்டினேன். டீச்சர் கெட்டவர் இல்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம். கெட்டவராக இருந்திருந்தால் திட்டித் தீர்த்துவிட்டு மறந்திருப்பேன்.

நைனா தலைப்பாகை கட்டிக்கொண்டு அடித்தார். நாங்கள் ஆடினோம். ஒருவரும் எழுந்து போகவில்லை. கை தட்டிக்கொண்டே இருந்தார்கள். தலைமை விருந்தினர் மேடையேறி நைனாவுக்குத் துண்டு போர்த்தினார்.

"எந்த கிராமம் உங்களுக்கு?"

நைனா என்னைப் பார்த்தார். விருந்தினரும் திரும்பி, மைக்கை என் பக்கம் நீட்டினார். "உனக்குத் தெரியுமாம்மா, இவர் யாரு, எந்த ஊரு?"

"யாருன்னு தெரியாது சார். தஞ்சாவூர் பக்கமாம்" என்றேன். சபை முழுக்கக் கேட்டது.

நைனா சிரித்தார். வீட்டுக்குப் போனதும் அம்மாவிடம், "பாப்பா பயப்படவே இல்ல. மைக்குல சோக்கா பேசுச்சு" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அடுத்த வாரம் பிள்ளைகள் கேட்கிறார்கள் என்று அவரைத் திரும்பவும் பள்ளிக்கூடத்துக்குக் கூப்பிட்டேன். பறையைத் துடைத்துக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை.

"தஞ்சாவூர்லேர்ந்து வரணுமே பாப்பா. ரொம்ப தூரம்" என்றார்.

நல்ல வேடிக்கை என்று நினைத்து உரக்கச் சிரித்துவிட்டு, பிள்ளைகளிடம் அதைச் சொல்ல ஓடினேன்.