தெர்மாமீட்டர் தொட்ட கால்

லாயத்தில் அவரைத் தெர்மாமீட்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். முப்பது வருடமாகப் பந்தயக் குதிரைகளைப் பார்த்துக்கொள்கிறவர். விடிந்ததும் முதல் வேலையாகக் குதிரையின் இரண்டு முன்னங்கால்களையும் கையால் பிடித்துப் பார்ப்பார். ஓடுகிற குதிரைக்கு ஆபத்து வருமுன் கால் நரம்பில் இளஞ்சூடு ஏறும். குதிரை டாக்டர் கண்ணுக்குத் தப்புவதும் இவர் உள்ளங்கைக்குத் தப்பாது. "ஜில்லுன்னு இருக்கு" என்று இவர் சொன்னால்தான் பயிற்சியாளர் குதிரையை ஓடவிடுவார். மற்றபடி சாதாரண மனிதர். சட்டையில் எப்போதும் ஒரு பொத்தான் இருக்காது. மனைவியிடம் பேசுவதைவிடக் குதிரைகளிடம் அதிகம் பேசுவார்.

பந்தயப் புத்தகத்தில் அந்தப் பெண்குதிரைக்கு வாயில் நுழையாத பெயர். இவர் வைத்த பெயர் சண்டி. பொருத்தமான பெயர்தான். இரண்டு வயதில், பந்தயம் கிளம்பும் கூண்டுக்குள் நுழைய மாட்டேன் என்று நாலு காலையும் ஊன்றி நின்றது. மிரட்டல், கெஞ்சல், கேரட் எதற்கும் மசியவில்லை. இவர் அதற்கு முதுகைக் காட்டிவிட்டுத் தன்பாட்டுக்குக் கூண்டுக்குள் நடந்தார். பூனைக்குட்டி மாதிரி பின்னாலேயே வந்தது.

அன்று தொடங்கி பதினேழு பந்தயம், பதினைந்து வெற்றி. ஜெயித்த குதிரையை அதன் ஆள் கயிறு பிடித்துக் கூட்டத்தின் முன் நடத்தி வருவது வழக்கம். பதினைந்து தடவையும் இவர்தான் பிடித்தார். கைதட்டல் குதிரைக்குத்தான் என்று தெரியும். இருந்தாலும் அந்த நூறடி தூரத்துக்கு இவர் கால் தரையில் பாவாது.

பதினெட்டாவதுதான் கடைசிப் பந்தயம். அதன்பிறகு சண்டி குட்டி போடப் பண்ணைக்குப் போய்விடும். அன்று காலை மனைவி இவர் நெற்றியைத் தொட்டுவிட்டுக் கையை வெடுக்கென்று எடுத்தாள்.

"அடுப்பா கொதிக்குதுங்க. இன்னிக்குப் போகாதீங்க."

"போகலைன்னா வேற ஆளு கயித்தப் பிடிப்பான்."

"பிடிச்சுட்டுப் போகட்டுமே. அதுக்காகக் குதிரை உங்கள மறந்துடுமா?"

"சும்மா இரு. யார்கிட்டயும் சொல்லிடாத."

காய்ச்சல்காரரை லாயத்துக்குள் விடமாட்டார்கள். முகத்தைக் கழுவிக்கொண்டு, யாரோடும் பேச்சுக் கொடுக்காமல் நேராகச் சண்டியிடம் போனார். கால்களைப் பிடித்துப் பார்த்தார். இரண்டும் கிணற்றுத் தண்ணீராய்க் குளிர்ந்திருந்தன.

"ஜில்லுன்னு இருக்கு சார்."

பயிற்சியாளர் தலையாட்டினார். கொதிக்கிற கைக்கு எதுதான் சூடாகத் தெரியும்? முப்பது வருட அனுபவத்துக்கு அன்று அந்த ஒன்று தோன்றவில்லை. பாவி மனுஷனுக்குக் கயிற்றின் மேல்தான் கண்.

கடைசி வளைவில் சண்டி எல்லோருக்கும் முன்னால் வந்தது. நேர்ப்பாதையில் திரும்பும்போது இடது முன்னங்கால் மடங்கியது. ஜாக்கி உருண்டு எழுந்தான். சண்டி மூன்று காலில் ஓடப் பார்த்தது. தோற்றுப் பழக்கமில்லாத பிறவி.

இவர் வேலியைத் தாண்டி ஓடினார். அதற்குள் கூட்டத்தின் கண்ணில் படாமல் சண்டியைச் சுற்றித் திரை கட்டிவிட்டார்கள். டாக்டர் காலைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். உயிரை முடிக்கும் ஊசியைப் போடும்வரை இவர்தான் கயிற்றைப் பிடித்திருந்தார். அது மூக்கை இவர் தோளில் வைத்துக்கொண்டது. சாயும்போது கூடவே மண்ணில் உட்கார்ந்தார். பிறகு கூட்டத்தின் முன்னால் வெறுங்கயிற்றோடு நடந்து வந்தார். யாரும் கைதட்டவில்லை.

சொல்லிவிடுவது என்று பயிற்சியாளரின் அறைக்குப் போனார். அவர் கண்களும் சிவந்திருந்தன.

"நரம்பு இன்னிக்குக் காலையிலேயே சூடா இருந்திருக்கும்னு டாக்டர் சொல்றாரு. நான் ஒத்துக்கல. உங்க கை பொய் சொல்லாதுன்னு சொல்லிட்டேன்."

இவர் தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்துவிட்டார்.

வீட்டில் சட்டையைக்கூடக் கழற்றாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். உடம்பெல்லாம் வியர்வை. மனைவி நெற்றியைத் தொட்டாள்.

"காய்ச்சல் விட்டிடுச்சு" என்றாள்.

இவர் அந்தக் கையை விடாமல் பிடித்துக்கொண்டார்.

"காலையில நீ தொட்டப்ப ரொம்பவா இருந்துச்சு?"

அவளுக்குச் செய்தி வந்திருந்தது. எதற்காகக் கேட்கிறார் என்பதும் தெரிந்தது. இத்தனை வருடத்தில் அவரிடம் ஒரு பொய் சொல்லி அறியாதவள்.

"இல்லைங்க. லேசாத்தான் இருந்துச்சு."

அவர் அந்தக் கையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதார்.