கொழுந்தனார் வரையாமல் விட்ட மாட்டுக்கொட்டாய்

ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான் படித்தேன். எழுத்து கோணலாக வரும், முன்பின்னாகவும் சொல்லிவிடுவேன்; பொறுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பலகையைப் பார்த்த நாள் மட்டும் மறக்கவில்லை. ஒரகடம் ரோட்டில் கம்பெனிகள் வர ஆரம்பித்த சமயம். கம்பெனியில் கழித்துப்போட்ட பெட்டிப் பலகை ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு, என் கொழுந்தனார் எங்கள் மாட்டுக்கொட்டாய்க்கு எதிரே உட்கார்ந்திருந்தார். பலகையில் இன்னும் ஒரு கோடுகூட விழவில்லை. சாணிக்கூடையை அங்கேயே போட்டுவிட்டு அவரிடம் ஓடினேன்.

காரணம் இருக்கிறது. அவர் யாரிடமும் படம் போடக் கற்றதில்லை. கம்பெனிக்காக நிலம் அளக்க வருகிறவர்களிடம் கூலிக்குப் போய், நட்ட கல்லில் எண் எழுதுவார். மிஞ்சிய பெயிண்ட்டில் துணிக்குப் போடும் நீலத்தையும் செம்மண்ணையும் குழைத்து, வயல்வெளியையும் பழைய கட்டடங்களையும் வரைவார். சுவரில் காரை பெயர்ந்த இடம்கூட அப்படியே இருக்கும். ஏரிக்கரை பம்புசெட்டு ரூமை வரைந்தார். இரண்டு மாதத்தில் அது இல்லை. களத்துமேட்டுக் கொட்டகையை வரைந்தார், அதுவும் போயிற்று. ஊரே அவர் கையைக் கண்டு பயந்தது. "உன் கொழுந்தன் பிரஷ்ஷ எடுத்தா பின்னாலயே பொக்லைன் வருதுடி. உன் வூட்டாண்ட உக்கார வுடாத" என்று பக்கத்து வீட்டு அக்கா சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கறவை மாடு இரண்டும் அந்தக் கொட்டாயில்தான் கட்டியிருந்தன. அவர் முகம் பார்த்துப் பேசிப் பழக்கமில்லாதவள், தலையைக் குனிந்துகொண்டே வேண்டாம் என்று கும்பிட்டேன். அவரும் பலகையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அப்படியும் கொட்டாய் தப்பவில்லை. இப்போது அங்கே கன்டெய்னர் லாரிகள் நிற்கின்றன. நான் தடுத்ததால் அதற்கு மட்டும் படம் இல்லை.

போன வாரம் எங்கள் தெரு முனையில் புதுக் கல் நட்டார்கள். மறுநாள் காலையில் பார்த்தால், தலை நரைத்துப்போன கொழுந்தனார் என் வீட்டுக்கு எதிரே பலகையோடு உட்கார்ந்திருக்கிறார். வாசற்படியிலேயே நின்றுவிட்டேன். என்னைப் பார்த்துவிட்டு அவரே சொன்னார்: "பயப்படாதீங்க அண்ணி. கல்லுல நம்பர் போட்டதே நான்தான். எது போவப்போவுதுன்னு எனக்கு முன்னாடியே தெரிஞ்சிடும். அதான் முந்திக்கினு வந்துட்றேன்."

கல்லில் எண் எழுதுவது அவர்தான் என்று ஊருக்கே தெரியும். அதையும் அவர் படத்தையும் சேர்த்து யோசிக்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. வெளியே சொன்னால் அந்தக் கூலி வேலையும் போய்விடும் என்று அவரும் வாயைத் திறக்கவில்லையாம். கேட்டதும் எனக்கு முன்னைவிட பயமாகிவிட்டது. அப்படியென்றால் வீடு போவது நிஜம். ஆனால் இந்தத் தடவை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உள்ளே போய் அவருக்கு ஒரு முக்காலி எடுத்து வந்து போட்டேன்.

வீட்டை வரைந்துவிட்டார். ஓரத்தில் மாட்டுக்கொட்டாய்க்கும் இடம் விட்டு, வாசல் எந்தப் பக்கம் இருந்தது என்று கேட்டார். ஏரியைப் பார்த்து என்றேன். இப்போது ரோட்டைப் பார்த்துதானோ என்று தோன்றுகிறது. தினமும் மாட்டை அவிழ்த்து ஓட்டியவள் நானே, எனக்கே தெரியவில்லை. அந்தக் கொட்டாயைப் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் சரிபார்த்துச் சொல்லுங்கள். கல்லில் எழுதிய எண் காய்ந்துவிட்டது. பொக்லைன் வருவதற்குள் கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்கள்.